லேப்ல வளர்ற குடல்: உள்ள யாரெல்லாம் இருக்காங்கன்னு கேளுங்க

"லேப்ல மனுஷக் குடலையே வளர்த்துட்டாங்க"ன்னு ஒரு செய்தி அப்பப்போ வாட்ஸப்ல சுத்தும், கூடவே கலர் கலரா ஒரு போட்டோ, உருண்டையா, சுத்தி மொட்டு மொட்டா ஏதோ ஒண்ணு. நான் குன்னூர்ல ப்ளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி சொல்லிக் குடுக்கிறேன், அதனால அந்த ஃபார்வர்ட் எல்லாம் "மிஸ், இது நெஜமா?"ன்னு எனக்கு வந்து சேந்துடும். நெஜம்தான். ஆனா அந்த உருண்டைக்குள்ள எந்தெந்த செல் இருக்கு, எது இல்லன்னு தெரியாம பாத்தா பாதி விஷயம் போயிடுது, அதுவும் குடலோட நோய் எதிர்ப்பப் பத்தி ஆராய்ச்சி பண்றதுக்காக வளர்க்கிறாங்கன்னா அந்தக் கேள்விதான் முக்கியமே. அதனால அடியில இருந்து சொல்றேன், சயின்ஸ் குரூப் எடுக்காதவங்களுக்கும் புரியும்.

முதல்ல நம்ம குடல். உள்பக்கம் வழவழன்னு குழாயா இருக்காது, விரல் விரலா லட்சக்கணக்குல நீட்டிக்கிட்டு இருக்கும், பாடப்புத்தகத்துல குடலுறிஞ்சிகள்னு படிச்சது அதுதான். எல்லாத்தையும் விரிச்சா டென்னிஸ் கோர்ட் அளவு வரும்னு ரொம்ப காலமா சொல்லிட்டு இருந்தாங்க, 2014-ல ஸ்வீடன்ல திரும்ப அளந்து கணக்கு போட்டப்ப உணவுப்பாதை மொத்தமும் சேத்தே சுமார் 32 சதுர மீட்டர்தான்னு வந்துச்சு, அதாவது 350 சதுர அடிக்கு கொஞ்சம் கம்மி. பரப்பு கம்மியானாலும் ஆச்சரியம் கொறையல, ஏன்னா அதுல குடல் பகுதி முழுக்க ஒரே ஒரு செல் தடிமன்ல மூடியிருக்கு. நம்ம தோல் பல அடுக்கு, குடல்ல ஒரே வரிசை. அந்தப் பக்கம் நாம சாப்பிட்டதும் கோடான கோடி பாக்டீரியாவும், இந்தப் பக்கம் ரத்தமும் நிணநீரும். அந்த ஒத்தை வரிசையும் மூணுல இருந்து அஞ்சு நாளைக்குள்ள உதிர்ந்து புதுசா வந்துடுது. புதுசு வர்றது விரல்களுக்கு அடியில இருக்கிற சின்னச் சின்னக் குழிகள்ல இருந்து, அங்கதான் ஸ்டெம் செல் இருக்கு, அதாவது பெருகிப் பெருகி மத்த வகை செல்களா மாறக்கூடிய மூல செல். இந்தக் குழிய ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அந்த வரிசையிலயும் எல்லாரும் ஒரே வேலை செய்றதில்ல. சிலது சத்த உறிஞ்சும், சிலது சளி சுரக்கும் (சளின்னா மூக்குச் சளி மட்டும் இல்லீங்க, குடல மூடியிருக்கிற வழுவழு படலமும்தான்), குழிக்குள்ள இருக்கிற பேனத் செல் பாக்டீரியாவக் கொல்ற சின்னப் புரதங்கள விடும், எம் செல்னு ஒண்ணு குடல்ல போற துகள்ல கொஞ்சத்த அப்படியே உள்ள இழுத்து கீழ இருக்கிற நோய் எதிர்ப்பு செல்களுக்குக் காட்டும். கீழன்னு சொன்னேன்ல, அங்கதான் கூட்டமே. டி செல், பி செல், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல்னு நோய் எதிர்ப்பு செல்கள் ஏராளமா குடல ஒட்டியே குடியிருக்கு. சில டி செல்கள் இன்னும் ஒரு படி மேல போய் அந்த ஒத்தை வரிசைக்கு நடுவுலயே செல்லுக்கும் செல்லுக்கும் இடையில நுழைஞ்சு உக்காந்திருக்கும். பி செல்கள்ல இருந்து வர்ற பிளாஸ்மா செல்கள் ஐஜிஏங்கிற ஆன்டிபாடிய தினமும் கிராம் கணக்குல செஞ்சு குடலுக்குள்ள அனுப்புது.

இவ்வளவு பேரும் செய்ற வேலையில எது கஷ்டம்னு கேட்டா, கிருமிய அடிக்கிறதுன்னுதான் பசங்க உடனே சொல்லுவாங்க. என்னக் கேட்டா அடிக்காம இருக்கிறதுதான் கஷ்டம். முட்டை வெளிப்பொருள், சாம்பார்ல இருக்கிற பருப்பு வெளிப்பொருள், நம்ம கூடவே வாழ்ற பாக்டீரியாவும் வெளிப்பொருள், இது எதையும் தொடாம விடணும், அதே தண்ணியில டைஃபாய்டு கிருமி வந்தா மட்டும் விடக்கூடாது. இந்தக் கணக்கு தப்பும்போதுதான் கோதுமையில இருக்கிற க்ளூட்டனப் பாத்து உடம்பு தன் குடலையே அழிக்கிற சீலியாக் நோய், கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு குடல் புண்ணாகிற நோய்கள் எல்லாம் வருது. இதுல எதுவும் ஒரு செல் தனியா எடுக்கிற முடிவு இல்ல, மேல இருக்கிற வரிசையும் கீழ இருக்கிற கூட்டமும் ரசாயனங்கள் வழியா விடாம பேசிக்கிட்டே இருந்துதான் அடிக்கலாமா விடலாமான்னு முடிவாகுது.

இப்ப சிக்கல் என்னன்னா, இந்தப் பேச்ச உயிரோட இருக்கிற மனுஷனுக்குள்ள போய் ஒட்டுக் கேக்க முடியாது. எண்டாஸ்கோபி போட்டு ஒரு துளி திசு எடுக்கலாம், அது அந்த ஒரு நிமிஷத்து நிலை, அவ்வளவுதான். அதனால ரொம்ப காலமா மிருகங்கள வெச்சுத்தான் பாத்தாங்க. அதுல ஒரு பெரிய அத்தியாயம் எங்க ஊர்லயே நடந்திருக்கு. சிம்ஸ் பார்க் பக்கத்துல இருக்கிற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல ஆரம்பிச்சது, வெறிநாய்க்கடி மருந்துக்காக. ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் அங்க வந்து, சத்து இல்லாத சாப்பாட்டக் குரங்குகளுக்குக் குடுத்தா குடல் எப்படிப் புண்ணாகுது, எப்படி வயித்துப்போக்கு வருதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே பாத்து எழுதினார், சாப்பாடு கெட்டா முதல்ல அடி வாங்குறது குடல்தான்னு அழுத்திச் சொன்னவர் அவர். அவர் இங்க ஆரம்பிச்ச சத்துணவு ஆராய்ச்சி லேப்தான் 1958-ல ஹைதராபாத்துக்குப் போய், இன்னிக்கு என்ஐஎன்னு சொல்ற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. ஊட்டி பஸ்ல அந்த வழியாப் போற எத்தன பேருக்கு இது தெரியும்னு எனக்கு அடிக்கடி தோணும்.

மிருகங்கள் நிறைய சொல்லிக் குடுத்திருக்கு, அத இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா எல்லாத்தையும் சொல்லாது. டைஃபாய்டு கிருமி மனுஷனுக்குன்னே இருக்கிறது, சாதாரண எலிக்கு அதக் குடுத்தா டைஃபாய்டு வராது. ஷிகெல்லாங்கிற பாக்டீரியாவும் எலிக்கு நம்மள மாதிரி ரத்தபேதி உண்டாக்காது. இதவிட பயங்கரமான பாடம் 2006-ல லண்டன்ல நடந்துச்சு. டிஜிஎன்1412னு ஒரு மருந்து, டி செல்களத் தூண்டுறது, குரங்குகளுக்குக் குடுத்தப்ப ஒண்ணும் ஆகல, அதவிட ரொம்ப ரொம்பக் கொஞ்சமா ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏத்தினாங்க, சில மணி நேரத்துல ஆறு பேரும் ஐசியூ போற நிலைமை ஆயிடுச்சு. உயிர் தப்பிச்சாங்க. பின்னாடி ஆராய்ஞ்சப்ப தெரிஞ்சது, அந்த மருந்து பிடிச்சுக்கிற ஒரு புரதம் மனுஷனோட ஒரு வகை நினைவு டி செல்கள்ல (முன்னாடி பாத்த கிருமிய ஞாபகம் வெச்சிருக்கிற டி செல்கள்) இருக்கு, குரங்கோட அதே வகை செல்கள்ல இல்ல. இன்னொண்ணும் கவனிக்கணும், மனுஷ ரத்தத்துல இருந்து எடுத்த செல்கள்லயும் முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருந்தாங்க, அதுலயும் ஆபத்து தெரியல, ஏன்னா திரவத்துல தனித்தனியா மிதக்கிற செல்லும் உடம்புக்குள்ள நெருக்கமா உக்காந்திருக்கிற செல்லும் ஒரே மாதிரி நடந்துக்கல. மனுஷ செல்லா இருந்தா மட்டும் போதாது, அது எங்க, யார் பக்கத்துல இருக்குங்கிறதும் வேணும்.

அப்ப மனுஷக் குடல் செல்லயே வெளிய வளர்க்கலாம்னு வந்த வழிகள்ல பழசு ஒண்ணு, எண்டாஸ்கோபியில எடுத்த துளிய அப்படியே சத்து நீர்ல வைக்கிறது. 1969-லயே இதச் செஞ்சு காட்டிட்டாங்க. அதுல எல்லா செல்லும் அதது இடத்துல இருக்கும், அதனால ரொம்ப நேர்மையான மாடல், ஆனா ஒரு நாள் தாண்டினா வாடிடும். இன்னொண்ணு கேக்கோ-2, 72 வயசு ஆள் ஒருத்தரோட பெருங்குடல் புற்றுநோய்ல இருந்து எடுத்த செல், 1970-கள்ல இருந்து உலகம் பூரா லேப்கள்ல வளந்துட்டு இருக்கு. துளை துளையா இருக்கிற ஒரு பிளாஸ்டிக் சவ்வு மேல விட்டா மூணு வாரத்துல சிறுகுடல் மாதிரி ஒத்தை வரிசையா நிக்கும். மாத்திரை குடல்ல உறிஞ்சுமா இல்லையான்னு பாக்க இன்னிக்கும் அதத்தான் பயன்படுத்துறாங்க. சவ்வுக்குக் கீழ நோய் எதிர்ப்பு செல்கள விட்டு ரெண்டும் எப்படி பேசிக்குதுன்னு பாக்கறதும் உண்டு. ஆனா அது புற்றுநோய் செல், ஒரே ஆளோடது, சளி சுரக்கிற செல் இல்ல, பேனத் செல் இல்ல.

இந்த மாதிரி தொடர்ந்து வளர்ற செல் எங்க ஊருக்கும் புதுசு இல்ல, வெறிநாய்க்கடி மருந்த ஒரு காலத்துல ஆட்டு மூளையில இருந்து எடுத்தாங்க, அப்புறம் வீரோ செல்னு ஆப்பிரிக்கக் குரங்கோட சிறுநீரக செல்கள்ல வளர்க்கிற முறை வந்துச்சு, குன்னூர்லயும் அப்படித்தான் மாறினாங்க. தொப்புளச் சுத்தி ஊசி போட்டத ஞாபகம் வெச்சிருக்கிற பெரியவங்க இன்னும் இருக்காங்க, அந்த மாற்றத்தோட அருமை அவங்களுக்குத்தான் தெரியும்.

இனி அந்த போட்டோவுல வர்ற உருண்டை. அதுக்குப் பேரு ஆர்கனாய்டு. மேல குழின்னு சொன்னேன்ல, அங்க இருக்கிற ஸ்டெம் செல்ல அடையாளம் காட்டுற எல்ஜிஆர்5ங்கிற புரதத்த 2007-ல நெதர்லாந்துல ஹான்ஸ் க்ளெவர்ஸ் குழு கண்டுபிடிச்சாங்க. 2009-ல அதே லேப்ல இருந்த தோஷிரோ சாத்தோ அந்த மாதிரி ஒரே ஒரு எலி ஸ்டெம் செல்ல எடுத்து வளர்த்தப்ப அது தானாவே பெருகி, குழியும் உண்டு, உறிஞ்சுற பகுதியும் உண்டுன்னு ஒரு குட்டி அமைப்பா நின்னுச்சு. யாரும் அச்சுல வார்க்கல, எங்க குழி வரணும்னு யாரும் சொல்லல. 2011-ல மனுஷக் குடலுக்கும் அது முடிஞ்சது. அதே வருஷம் அமெரிக்காவுல சின்சினாட்டியில வேற வழியா, எந்த உறுப்பாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்ல படிப்படியா குடலாக்கிக் காட்டினாங்க, அது பொறந்த குழந்தைக்கும் முந்தின, கருவுல இருக்கிற குடல் மாதிரி இருக்கும்.

செய்முறை கேக்க எளிசாத்தான் இருக்கும். எண்டாஸ்கோபித் துளியவோ ஆபரேஷன்ல வெட்டி எடுத்த குடல்ல மிஞ்சினதவோ கழுவி, குழிகள மட்டும் உதிர்த்து எடுத்து, மேட்ரிஜெல்னு ஒரு ஜெல்லுல கலந்து சொட்டு சொட்டா தட்டுல விடுவாங்க. அந்த ஜெல் குளிர்ல தண்ணியா இருக்கும், 37 டிகிரியில கெட்டியாயிடும். மேல ஊத்துற சத்து நீர்ல டபிள்யூஎன்டி, ஆர்-ஸ்பாண்டின், நாகின், இஜிஎஃப்னு சில புரதங்கள், குழிக்கு அடியில ஸ்டெம் செல்லுக்கு உடம்பு குடுக்கிற அதே சிக்னல்கள்தான். ஒரு வாரத்துல மில்லிமீட்டருக்கும் கம்மியான உருண்டைகள் வந்துடும், உடைச்சு உடைச்சு மறுபடி வளர்க்கலாம், திரவ நைட்ரஜன்ல போட்டு வருஷக்கணக்கா வெச்சுக்கலாம். பல வருஷமா லேப்ல வளர்க்கவே முடியாம இருந்த, வாந்தி பேதி உண்டாக்கிற மனுஷ நோரோவைரஸ, 2016-ல அமெரிக்காவுல மேரி எஸ்டிஸ் குழு இந்த மாதிரி குடல் செல்கள்ல வளர்த்துக் காட்டினாங்க, சில வகைகளுக்குப் பித்த நீரும் சேத்தாத்தான் வளருதுன்னு கூடவே தெரிஞ்சுச்சு.

இவ்வளவு அருமையான உருண்டைக்குள்ள ஒரு டி செல்லும் கிடையாது, ஒரு பி செல்லும் கிடையாது. மேல இருக்கிற ஒத்தை வரிசை மட்டும்தான். ரத்தக்குழாய் இல்ல, நரம்பு இல்ல, பாக்டீரியா இல்ல. நம்ம நீலகிரியில சோலை மரக்கன்னுகள நர்சரியில பைல வளர்க்கிறாங்கல்ல, நாவலோ விக்கியோ அந்தக் கன்னு அசல் சோலைமரம்தான், அதுல ஒரு பொய்யும் இல்ல, இலை எப்படி விடுது, வேர் எப்படி ஓடுதுன்னு அதுல நல்லாவே படிக்கலாம், ஆனா சோலை எப்படி தண்ணியப் பிடிச்சு வெக்குது, எந்தப் பறவை விதையக் கொண்டு போகுதுன்னு அந்தப் பையப் பாத்து யாரும் சொல்ல முடியாது. ஆர்கனாய்டும் இந்த நிலைமையிலதான் இருக்கு. அதனால கடந்த சில வருஷமா இந்தத் துறையில நடக்கிற வேலையே, விட்டுப்போனவங்கள ஒவ்வொருத்தரா திரும்பக் கூட்டிட்டு வர்றதுதான்.

எளிசான சேர்க்கை, ரசாயனத்துலயே முடியறது. ஆர்கனாய்டுக்கு ராங்க்-லிகண்டுங்கிற புரதத்தக் குடுத்தா எம் செல் உருவாகுது, உடம்புல அந்த சிக்னலக் குடுக்கிறது கீழ இருக்கிற செல்கள், இங்க பாட்டில்ல இருந்து வருது. அடுத்தது செல்லயே சேக்கிறது. இதுல ஒரு கண்டிஷன் இருக்கு, உருண்டை ஒருத்தரோடதும் டி செல் இன்னொருத்தரோடதுமா இருந்தா, கிட்னி மாத்தும்போது உடம்பு ஏத்துக்காம போகுதே, அதே சண்டை தட்டுலயும் வந்துடும், அப்புறம் நாம பாக்கறது நோயா அந்தச் சண்டையான்னு தெரியாது. ஒரே ஆளோட குடல்ல இருந்தே ரெண்டையும் எடுக்கணும். சுவிட்சர்லாந்துல பாசல்ல ஒரு குழு 2024-ல அதச் செஞ்சு வெளியிட்டாங்க. ரத்தத்துல ஓடுற டி செல்ல எடுக்காம குடல்லயே நிரந்தரமா குடியிருக்கிற நினைவு டி செல்ல எடுத்து, அதே ஆளோட ஆர்கனாய்டோட சேத்தாங்க, அந்த செல்கள் தானா ஊர்ந்து போய் ஒத்தை வரிசைக்கு நடுவுல இடம் பிடிச்சு, அங்கயும் இங்கயும் நகர்ந்து வேவு பாத்துக்கிட்டு இருந்துச்சு, உடம்புல இருக்கிற மாதிரியே. ரத்தத்துல இருந்து எடுத்த டி செல்கள் அந்த அளவுக்கு ஒட்டல. டி செல்ல இழுத்து புற்றுநோய் செல்லு மேல ஏவுற ஒரு வகை மருந்து சிகிச்சை சோதனைகள்ல குடலப் புண்ணாக்கினது முன்னாடியே தெரிஞ்ச விஷயம், அத இந்த மாடல்ல விட்டப்ப அதே சேதம் தட்டுலயே தெரிஞ்சுச்சு, எந்த செல் முதல்ல கிளம்புதுன்னும் பாக்க முடிஞ்சது. 2006-ல அந்த ஆறு பேருக்கு நடந்தத நெனச்சா இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே புரியும்.

அதே 2024-ல ஸ்டான்ஃபோர்டுல கேல்வின் குவோ குழு வேற வழியில போனாங்க. அவங்க சேக்கவே இல்ல, பிரிக்காம விட்டாங்க. சீலியாக் நோயாளியோட முன்சிறுகுடல் துளிய நறுக்கி, அடியில சத்து நீரும் மேல காத்தும் படுற மாதிரி ஜெல்லுல வெச்சா, குடல் வரிசையோட கூடவே அந்த ஆளோட டி செல், பி செல் எல்லாம் சேந்தே பிழைக்குது. அதுல க்ளூட்டன்ல இருந்து வர்ற துண்டுகளக் குடுத்தாங்க, டி செல்கள் கிளம்பி குடல் செல்களக் கொன்னுச்சு. நோயே தட்டுல நடந்துச்சு. ஐஎல்-7ங்கிற ஒரு சிக்னல் அதுல முக்கியமா வேலை செய்யுதுன்னும் கண்டுபிடிச்சாங்க, சீலியாக்குக்கு இதுவரைக்கும் கோதுமைய ஒதுக்குறதத் தவிர மருந்தே இல்லாதப்ப இந்த மாதிரி ஒரு பிடி கெடைக்கிறது சின்ன விஷயமில்ல.

மூணாவதா சிப். 2012-ல ஹார்வர்டுல டொனால்ட் இங்பர் குழு, ரப்பர் மாதிரி வளையற பொருள்ல மெல்லிய கால்வாய் வெட்டி, நடுவுல சவ்வு வெச்சு, மேல குடல் செல்ல வளர்த்து, திரவத்த ஓட விட்டு, குடல் அசையற மாதிரியே சவ்வ இழுத்து விட்டாங்க. சும்மா தட்டுல பாக்டீரியாவ விட்டா ஒரே நாள்ல எல்லாத்தையும் மூடிடும், இங்க ஓட்டம் இருக்கிறதால நல்ல பாக்டீரியாவ ஒரு வாரத்துக்கு மேல கூடவே வெச்சு வளர்க்க முடிஞ்சது. பாக்டீரியா வேணும்னா எனக்கு சிப்தான் சரின்னு தோணுது, டி செல் வேணும்னா பாசல் வழி. எல்லாத்தையும் ஒண்ணா வெச்ச மாடல் இன்னும் வரல, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. குடல் பாக்டீரியாவுல முக்கால்வாசி ஆக்ஸிஜன் பட்டா சாகும், குடல் செல் ஆக்ஸிஜன் இல்லாட்டி சாகும், ரெண்டையும் ஒட்டி ஒட்டி வாழ வைக்கிறது இன்னும் பெரிய தலைவலி. சேத்த டி செல்களும் ரொம்ப நாள் தாங்காது. ஆனா சட்டம் இதுக்கு வழி விட ஆரம்பிச்சிருக்கு, அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல, இந்தியாவுல 2023-ல, புது மருந்து டெஸ்ட்டுக்கு மிருகங்களுக்குப் பதிலா ஆர்கனாய்டு, சிப் மாதிரி முறைகளையும் ஏத்துக்கலாம்னு விதிகள மாத்தினாங்க.

நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறது இன்னொண்ணு, யாரோட குடல்? பிஎச்சில குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து குடுக்கிறாங்கல்ல, அதுல ரோட்டாவேக் நம்ம நாட்டுலயே உருவானது, டெல்லி, புனே, வேலூர்ல டெஸ்ட் பண்ணப்ப ரோட்டாவைரஸால வர்ற கடுமையான வயித்துப்போக்க சுமார் 55 சதவீதம் தடுத்துச்சு. பணக்கார நாடுகள்ல இந்த மாதிரி சொட்டு மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல தடுக்குது. மருந்து மட்டம்னு இல்ல, வெளிநாட்டு சொட்டு மருந்துகளும் ஏழை நாடுகளுக்கு வந்தா இப்படித்தான் இறங்குது. போலியோ சொட்டு மருந்து இங்க மேல்நாட்டு அளவுக்கு வேலை செய்யலன்னு வேலூர் சிஎம்சி டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-கள்லயே சொன்னார். அதுக்கும் முன்னாடி அதே ஆஸ்பத்திரியில பேக்கரும் மாத்தனும், எந்த நோயும் இல்லாத தென்னிந்தியர்களோட குடலுறிஞ்சிகளே மேல்நாட்டுப் புத்தகத்துல இருக்கிறதவிடக் குட்டையா இருக்குன்னு காட்டினாங்க. சுத்தமில்லாத தண்ணியிலயும் சூழல்லயும் வளர்ற குடல் எந்நேரமும் லேசான அழற்சியிலயே இருக்கு, சொட்டு மருந்து அந்தக் குடல்ல போய்த்தான் வேலை செய்யணும். சொட்டு மருந்த கண்டிப்பா குடுங்க, பாதி தடுத்தாலும் அது பெரிய பாதுகாப்பு. ஆனா மீதி ஏன் தடுக்கலன்னு கண்டுபிடிக்க நம்ம ஊர்க் குடல் செல்லும் அதோட டி செல்லும் சேந்த மாடல் வேணும், அமெரிக்கா, ஐரோப்பாவுல ஆபரேஷன் பண்ணினவங்களோட குடல வெச்சு மட்டும் அதக் கண்டுபிடிக்க முடியாது.

அப்ப அந்தத் துளி நம்மகிட்ட இருந்துதான் வரணும். கோயமுத்தூர்லயோ வேற எங்கயோ பெரிய ஆஸ்பத்திரியில எண்டாஸ்கோபிக்கோ குடல் ஆபரேஷனுக்கோ போனா, மிஞ்சுற திசுவ ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு ஒரு ஃபார்ம் நீட்டலாம். ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி எதிக்ஸ் கமிட்டி ஒப்புதலும் நம்ம சம்மதமும் வேணும், மாட்டேன்னு சொன்னாலும் சிகிச்சை குறையக்கூடாது. கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க: இதுக்காகன்னு தனியா கூடுதல் திசு எடுப்பீங்களா, இல்ல மிஞ்சுறது மட்டும்தானா, பேரு விவரம் மறைப்பீங்களா, செல்ல எவ்வளவு காலம் வெச்சுப்பீங்க, வேற கம்பெனிக்கோ வெளிநாட்டுக்கோ போகுமா, பின்னாடி வேண்டாம்னு தோணினா யார்கிட்ட சொல்லணும். தமிழ்லயே கேளுங்க, ஃபார்மையும் தமிழ்லயே கேட்டு வாங்கிப் படிங்க, புரியற மொழியில விளக்க வேண்டியது அவங்க பொறுப்பு.